வாங்குவோரும் அமர்வோரும்

சிக்கனம் நற்குணம் என்பதில் நம்மில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வீண்விரயம் செய்வோரைத் திருமறை கடிந்துரைக்கிறது. கையை இறுக மூடிக்கொள்வோரையும் அது புகழவில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்குமாறு பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஆயினும், ஒருவர் தம் பணத்தைச் சேமிக்க, அதனால் வரும் வலியை வேறொருவர் சுமப்பாராயின், அதற்கும் சிக்கனம் என்றுதான் பெயரா? இக்கேள்வியை ஏட்டளவில் ஆராயாமல், நம் சகோதரர்கள் பலர் தம் தொழிலுக்காகச் செய்யும் ஒரு கொள்முதலை முன்வைத்துச் சிந்திக்க விரும்புகிறோம். சிறு சரக்கு வண்டி வாங்குவதே அக்கொள்முதல்.

சென்னையின் மேற்குப் புறநகர்களில் இவ்வண்டியின் உழைப்பில்லாமல் ஒரு பொழுதும் விடிவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் கடைந்தெடுத்த உதிரிபாகங்கள், ஆவடி மளிகைக் கடைகளுக்கு வரும் அரிசி மூட்டைகள், பூந்தமல்லியிலிருந்து புறப்படும் கட்டிலும் பீரோவும், வலீமா விருந்துக்குப் போகும் பிரியாணித் தேக்சாக்கள் எல்லாம் ஏறிச் செல்வது இதில்தான். 2020 மே மாதத்தில் கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, அங்கிருந்து நகரின் தெருக்களுக்குக் காய்கறியைக் கொண்டு சேர்த்தவற்றில் இச்சிறு வண்டிகளின் பங்கு பெரிது. வண்டியின் உறுப்புகளும் இம்மண்ணுக்கு அந்நியமானவை அல்ல. பாடியில் அமைந்த பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். ஆலைகள் அறுபதுகளிலிருந்து பிரேக்குகளையும் சக்கரங்களையும் மின்கருவிகளையும் செய்து நாடெங்கும் அனுப்பி வந்திருக்கின்றன.

கூடுதல் வசதிகளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் பழக்கமும் இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. 1949ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையில் உருவான ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. மிதிவண்டிகளை வாங்கியவர்கள், கடைக்காரர் முன் நின்று, காரியர் வேண்டும், டைனமோ விளக்கு வேண்டும், சங்கிலி மூடி இப்போதைக்கு வேண்டாம், அடுத்த போனசுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விரல்விட்டுக் கணக்கிட்டதை மூத்தவர்கள் அறிவர். விளக்கு இல்லாமல் வாங்கியவர் இருட்டில் தாமே தடுமாறினார். சங்கிலி மூடியை வேண்டாமென்றவரின் கைலிதான் சங்கிலியில் சிக்கிக் கிழிந்தது. தேர்ந்தவரும் அனுபவித்தவரும் ஒருவரே. ஆகவே அங்கே சிக்கனம் சிக்கனமாகவே இருந்தது.

மோட்டார் வாகனங்களைப் பொறுத்தவரை நம் நாட்டினருக்கு நெடுங்காலம் தேர்வு என்பதே அரிதாக இருந்தது. முன்பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கிடைத்ததை வாங்கி மகிழ்ந்த காலம் அது. நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லும் துணிவுகூட எவருக்கும் வந்ததில்லை. அமெரிக்காவிலும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1914க்குப் பின் பல ஆண்டுகள் கறுப்பு நிறத்தில் மட்டுமே வெளிவந்தது. இருபதுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன்தான் இதை மாற்றினார். செவ்ரலே தொடங்கி கேடிலாக் வரை ஒவ்வொரு மடிசீலைக்கும் ஒரு வண்டி என்று படிப்படியாக அடுக்கி வைத்தார். மனித உள்ளத்தை அவர் நன்கு அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. ஏணியில் நிற்பவன் கீழ்ப்படியைப் பார்த்து நன்றி செலுத்துவதைவிட மேற்படியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதே அதிகம். உலகப் பொருள்களில் நமக்குக் கீழுள்ளோரை நோக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் உள்ளத்தின் இவ்வியல்பை அறிந்தே அன்றோ!

அந்த ஏணி நம்மூர்ச் சரக்கு வண்டிக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 2005ல் டாட்டா நிறுவனம் ஏஸ் என்னும் வண்டியைக் கொண்டுவந்தது. இரண்டே சிலிண்டர் கொண்ட அச்சிறு வண்டிக்குத் தமிழ்நாட்டு மக்கள் ‘குட்டி யானை’ என்று செல்லப் பெயர் சூட்டினர். 2011ல் அசோக் லேலண்ட் நிறுவனம் ஜப்பானின் நிசானுடன் கூட்டுச் சேர்ந்து, ஒன்றேகால் டன் சுமக்கும் வண்டியை ஓசூரில் உருவாக்கி வெளியிட்டது. அதற்கு இட்ட பெயர் ‘தோஸ்த்’. பாரசீகத்திலும் உருதுவிலும் தோழன் என்று பொருள்படும் இச்சொல்லுக்கு நம் வாசகர்களிடம் விளக்கம் தேவையில்லை. நிசான் 2016ல் விலகிக்கொண்டபோதும் தோழன் விலகவில்லை. அந்த வண்டி எல்.இ., எல்.எஸ்., எல்.எக்ஸ். என மூன்று படிகளில் வந்தது. குளிர்சாதனம், பவர் ஸ்டியரிங், துணி உறையிட்ட இருக்கை, இருநிற முகப்புப் பலகை ஆகியவை உச்சிப் படியின் சிறப்புகளாக அறிவிக்கப்பட்டன. இந்த வரிசையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஓட்டுவோரின் தோள்வலியைப் போக்கும் கருவியும், முகப்புப் பலகையின் இரண்டாவது நிறமும் ஒரே கூடையில் இட்டு விற்கப்பட்டன.

இனி விற்பனைக் கூடத்துக்கு வருவோம். சிறு கடை வைத்திருக்கும் நம் சகோதரர் ஒருவர், மகனையும் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு கொட்டேஷன் வாங்கச் செல்கிறார். எந்தப் படி, சரக்கு வைக்கும் தொட்டியின் நீளம் எவ்வளவு, பக்கப் பலகை உயரமாக வேண்டுமா, நிறம் வெள்ளையா பழுப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்படுகிறது. மேல்படியின் விலையைக் கேட்டதும் அவர் தயங்குகிறார். அப்போது விற்பனையாளர் அன்போடு முன்வந்து, “மேல் மாடல் எதுக்கு பாய்? ஏ.சி.யெல்லாம் காசு தண்டம். நீங்களா ஓட்டப் போறீங்க? டிரைவர்தானே!” என்கிறார்.

இது தீய எண்ணத்துடன் சொல்லப்படுவதன்று. நோக்கினால், விலையுயர்ந்த வண்டியை விற்கும் வாய்ப்பைக் கைவிட்டு விற்பனையாளர் சொல்லும் நல்லுரை அது. வாங்குபவரும் அதைக் கேட்டுத் தம்மைக் கஞ்சரென்று எண்ணிக்கொள்வதில்லை. ஆடம்பரத்திலிருந்து தப்பினோம், அல்ஹம்து லில்லாஹ் என்றே மகிழ்கிறார். நம் கேள்வி பிறப்பது அந்த மகிழ்ச்சியில்தான்.

மார்க்கச் சட்டவியல் அறிஞர்கள் மனிதத் தேவைகளை மூன்று படிகளாகப் பகுத்திருப்பதை நம்மிற் பலர் மதரஸாக்களில் ஓதியிருப்பர். 1111ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இப்பகுப்பைத் தெளிவாக வகுத்தார்கள். 1388ல் மறைந்த அந்தலூசிய அறிஞர் இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்கள் அதை விரிவாக வளர்த்தார்கள். இன்றேல் வாழ்வே குலையும் என்பவை ளரூரிய்யாத். இன்றியும் வாழலாம், ஆயின் பெருந்துன்பம் நேரும் என்பவை ஹாஜிய்யாத். வாழ்வுக்கு அழகும் நயமும் சேர்ப்பவை தஹ்ஸீனிய்யாத். முதற்படியில் மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் ஆகிய ஐந்தின் பாதுகாப்பு அடங்கும். இவ்வைந்தையும் எண்ணுமிடத்தில் உயிர் பொருளுக்கு முன்னே நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதுவும் மூன்று படி, வண்டியும் மூன்று படி. ஆயினும் ஒன்றை மற்றொன்றின் மீது வைத்துப் பார்த்தால் பொருந்துவதில்லை. ஆலையினரின் ஏணி விலையால் அமைந்தது; அறிஞர்களின் ஏணி துன்பத்தால் அமைந்தது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் ஒரு டன் பாரத்தை ஏற்றிக்கொண்டு, தொழிற்பேட்டையின் குறுக்குச் சந்துகளில் முன்னும் பின்னுமாகத் திருப்பி நிறுத்துவோரின் தோளையும் மணிக்கட்டையும் கேட்டால், அது எந்தப் படியைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். ஒருமுறை செய்தால் அது உடற்பயிற்சி. நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் செய்தால் அது துன்பம். ஹாஜத் என்பதற்கு அறிஞர்கள் தரும் இலக்கணமும் அதுதான். முகப்புப் பலகையின் இரண்டாவது நிறமோ ஐயமின்றி தஹ்ஸீன். விலைப்பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் இருப்பதால், வாங்குபவரின் உள்ளத்திலும் இரண்டும் ஆடம்பரம் என்ற ஒரே பெயரைப் பெற்றுவிடுகின்றன.

பொருள்களைத் தனித்தனியே பிரித்து எடைபோட்டால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. யாருடைய தேவை என்று கேட்டாக வேண்டும். தேவை என்பது பொருளில் இல்லை. அதைப் பயன்படுத்தும் உடலில் இருக்கிறது. கடையில் மின்விசிறிக்கடியில் அமர்ந்திருப்பவருக்கு வண்டியின் குளிர்சாதனம் வெறும் சொல். அவர் அதைத் துறக்கும்போது எதையும் இழப்பதில்லை. துறவு என்றால் தமக்குரியதைத் துறப்பது. பிறருக்குரிய நிழலைத் துறந்துவிட்டு அதற்கு ஸுஹ்து என்று பெயரிட முடியுமா? கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஜெரூசலம் நகரின் சாவியைப் பெறச் சென்ற பயணத்தைப் பற்றிக் காலங்காலமாகச் சொல்லப்படும் செய்தியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். வாகனம் ஒன்று, பயணிகள் இருவர். கலீஃபாவும் பணியாளரும் முறைவைத்து ஏறினர்; நகரை நெருங்கும்போது பணியாளரின் முறை வந்தது; அவர் மேலே அமர்ந்திருக்க, அமீருல் மூமினீன் கடிவாளத்தைப் பிடித்து நடந்தார்கள். இதை எளிமைக்கு எடுத்துக்காட்டாக நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் அங்கே எளிமையைக் கைக்கொண்டவர் தலைவர். இருக்கை கிடைத்தது பணியாளருக்கு. நம் வண்டிக் கணக்கில் எளிமை பணியாளருக்கும் சேமிப்பு தலைவருக்கும் போய்ச் சேர்கிறது.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2003 மே இறுதியில் சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. கத்தரி வெயில் நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. மேற்குப் புறநகர்களுக்குக் கடற்காற்று வந்து சேர்வதற்குள் பிற்பகல் நெடுநேரம் கடந்துவிடுகிறது. இத்தகைய சிறு வண்டிகள் பலவற்றில் எஞ்சின் இருப்பது ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலேயே. மேலே தகரக் கூரை, கீழே எஞ்சின், முன்னே கண்ணாடி வழியாக வரும் மேற்கு வெயில். லாரியோடு லாரியாக ஊர்ந்து செல்லும் பூந்தமல்லிச் சாலையில் சன்னலைத் திறந்தால் புகையும் புழுதியும், மூடினால் அனல். வெப்பத்தில் களைத்த உடல் தளர்வதோடு நிற்பதில்லை. கவனம் சிதறும், கண் சொக்கும். அந்த ஒரு நொடிக்கு விலை கொடுப்பவர் சாலையைக் கடக்கும் யாரோ ஒருவராகவும் இருக்கலாம். அப்போது நாம் ஆடம்பரம் என்று அடித்துவிட்ட வரி, உயிர்ப் பாதுகாப்பு என்னும் முதற்படிக்கே ஏறிவிடுகிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றை எளிதாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. குளிர்சாதனம் ஓடினால் டீசல் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. அடுத்த தெருக்காரர் கீழ்ப்படி வண்டியை வைத்துக்கொண்டு நடைக்கு நூறு ரூபாய் குறைத்துக் கேட்டால், வாடிக்கையாளர் அவரிடம்தான் போவார் என்பதும் உண்மை. வாடகை பேசும் எவரும் ஓட்டுநரின் இருக்கையைப் பார்த்துப் பேசுவதில்லை. அன்றியும், இவ்வண்டி வாங்குவோரில் பலர் முதலாளிகளே அல்லர். தாமே ஓட்டிப் பிழைப்பவர்கள். தம் தோளைத் தாமே வருத்திக்கொண்டு மகளின் படிப்புக்குச் சேர்ப்பவரை நோக்கி விரல் நீட்ட நமக்கென்ன தகுதி இருக்கிறது? உடலும் ஓர் அமானிதம் என்று அன்போடு நினைவூட்டலாம். அதற்கு மேல் அவருக்கும் அவருடைய இறைவனுக்கும் இடையிலானது அது.

இவற்றினும் கனமான மறுப்பு வட்டியைப் பற்றியது. கையிருப்பு கீழ்ப்படி வண்டிக்குப் போதும், மேல்படிக்குப் போதாது, மீதிக்குக் கடன் வாங்கினால் அது வட்டிக் கடன் என்னும் நிலை ஏற்படுமானால் என் செய்வது? வட்டியைத் தவிர்க்க எத்தனையோ ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒருவரிடம், ஓட்டுநரின் வசதிக்காக அந்த உறுதியைக் கைவிடுங்கள் என்று சொல்ல நம் நா எழவில்லை. அதே நேரத்தில், தம் மார்க்க உறுதிக்கு மற்றொருவரின் தோள் விலை கொடுக்கட்டும் என்பதும் நமக்கு உடன்பாடன்று. இந்நிலையிலும் வழி முற்றாக அடைபட்டுவிடுவதில்லை என்று கருதுகிறோம். பவர் ஸ்டியரிங் உள்ள பழைய வண்டி, அது இல்லாத புதிய வண்டியின் விலைக்குள் கிடைக்கக்கூடும். புதிது என்ற பெருமையும் ஒரு தஹ்ஸீன்தான். அதைத் துறப்பவர் தமக்குரியதைத் துறக்கிறார். இன்னும் ஆறு மாதம் பொறுத்து வாங்குவதும் அவ்வாறே. நாலாயிரம் ரூபாய் செலவில் இருக்கைக்கு நல்ல மெத்தையும், கூரையின் உட்புறம் வெப்பத்தைத் தடுக்கும் விரிப்பும், ஒரு சிறு மின்விசிறியும் பொருத்திக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். மேல்படிக்கு அது ஈடாகாதுதான். ஆயினும் கேட்டறிந்து செய்த செயல் அது.

விருப்பத் தேர்வுகளில் மிகவும் கொடியது விலைப்பட்டியலில் இடம்பெறாத ஒன்று. வண்டி கைக்கு வந்த மறுவாரமே பட்டறைக்குக் கொண்டுபோய், பின் ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை போடச் சொல்கிறார்களே, அதைத்தான் குறிப்பிடுகிறோம். ஒன்றேகால் டன்னுக்கு அமைத்த வண்டியில் இரண்டு டன் ஏற்ற வேண்டும் என்பதே நோக்கம். பட்டை கூடினால் ஸ்பிரிங் தாங்கலாம். பிரேக் கூடுவதில்லை, டயர் கூடுவதில்லை, அச்சும் கூடுவதில்லை. பாரம் ஏறிய வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அளவுக்கு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. இதையும் ஒரு தொழிற்செலவாக எழுதிக்கொள்வோர் உண்டு. மதீனாவில் ஒரு தோட்டத்தில் ஒட்டகம் ஒன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டதையும், அவர்கள் அதன் உரிமையாளரை அழைத்து, பசியில் வாட்டி அளவுக்கு மீறி வேலை வாங்குவதைக் கண்டித்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. ஒட்டகத்துக்கு முறையிடக் கண்ணீர் இருந்தது. ஸ்பிரிங் பட்டைக்கு அதுவும் இல்லை; ஒருநாள் ஓசையின்றி முறிந்துபோகும்.

ஒரு சிறு முரண்பாட்டையும் இடையில் சொல்லிவிடுகிறோம். ஏ.சி. காசு தண்டம் என்று அடித்துவிட்ட அதே வண்டி, பதிவெண் பெற்ற சில நாட்களில் நெற்றியில் பச்சை எழுத்தில் 786, பின்புறத்தில் வண்ண விளக்குகள், பக்கவாட்டில் பிள்ளைகளின் பெயர்கள், தெருவையே எழுப்பும் காற்று ஹாரன் ஆகியவற்றுடன் வலம் வருவதைக் காண்கிறோம். எவரும் இவற்றைக் கூட்டிப் பார்ப்பதில்லை. பிஸ்மில்லாஹ்வின் எண்ணை எழுதுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அப்பெயரைச் சொல்லித் தொடங்கிய வாணிபத்தில் பணியாளருக்குக் கொடுக்க வேண்டியதோ சற்று அதிகம். நமக்குக் கீழ் பணிபுரிவோர் நம் சகோதரர்கள், அவர்களின் ஆற்றலுக்கு மீறிச் சுமத்தலாகாது, சுமத்த நேர்ந்தால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்ற நபிபோதனை, உணவையும் உடையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அக்காலத்தில் வேலையாளின் வாழ்வு அவ்விரண்டால் அளக்கப்பட்டது. இன்று ஓட்டுநர் ஒருவர் நாளில் பத்து மணி நேரம் கழிப்பது வண்டியின் இருக்கையில். தம் வீட்டுப் பாயில் அவர் கழிக்கும் நேரம் அதனினும் குறைவு.

அமர்பவரின் உரிமையைச் சட்டமும் இப்போதுதான் மெல்லத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றே பணிபுரிந்தவர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று கேரளம் 2018லும் தமிழ்நாடு 2021லும் சட்டம் திருத்தின. ஒரு நாற்காலிக்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது என்பது நம் எல்லோருக்குமே பெருமை தருவதன்று. லாரிகளைப் பொறுத்தவரை, 2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆனால் இவ்விதி மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கே பொருந்தும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் சந்து சந்தாகத் திரியும் குட்டி யானையும் தோஸ்தும் அதற்குள் வரவில்லை. பெரிய லாரியில் ஆலையே செய்து தரும் ஒன்று, சிறிய வண்டியில் இன்னமும் வாங்குபவரின் பேனா முனையில்தான் இருக்கிறது.

ஆகவே அந்தப் பேனாவைத் திறப்பதற்கு முன், ஓட்டப் போகிறவரையும் விற்பனைக் கூடத்துக்கு அழைத்துச் செல்லலாம் என்பது நம் கருத்து. ஒரு நாள் பேட்டாவுக்கு மேல் அதற்குச் செலவில்லை. கீழ்ப்படி வண்டியிலும் மேல்படி வண்டியிலும் அவரை மாறி மாறி அமர்த்தி, நிறுத்திய இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். எந்த வசதி வேண்டும், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அவர் சொல்வது நாம் எண்ணியதற்கு மாறாகவும் இருக்கக்கூடும். ஏ.சி. வேண்டாம் முதலாளி, சாய்மானம் நிமிர்ந்த இருக்கை போதும் என்பவரும் உண்டு. இரவில் பின்னால் எடுக்கும்போது ஆள் நிற்பது தெரிய ஒரு கேமரா இருந்தால் நல்லது என்பவரும் உண்டு.

இன்றோ, ஓட்டுநர் அந்த வண்டியை முதன்முதலாகக் காண்பது பெரும்பாலும் சாவி வரும் நாளில்தான். பள்ளிவாசல் இமாமை அழைத்து துஆ ஓதி, பேரீச்சம்பழமும் இனிப்பும் வழங்கி, வீட்டுப் பிள்ளைகள் முன்னிருக்கையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்ட பிறகு அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி அமர்ந்து, ஸ்டியரிங்கை மெல்லத் தொட்டுப் பார்க்கிறார். இருக்கை எப்படியப்பா இருக்கிறது என்று முதலாளி கேட்கிறார்.

“நல்லாருக்கு முதலாளி” என்கிறார் அவர்.